திசுவைச் சேகரிக்கும் முறையும் மரபணுச் சோதனையும்

திருவனந்தபுரம் கரமனையின் அக்கிரகாரத் தெருக்களில் இன்றும் தமிழ் பேசும் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கு என் அண்டை வீட்டு அம்மையாருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டு, சிறிய மருத்துவமனை ஒன்றில் கட்டியை அகற்றினர். அது சனிக்கிழமை மாலை. கட்டியை முழுதாகவே ஒரு புட்டியில் இட்டு, மகனிடம் கொடுத்தனுப்பினர். அதை மூழ்கடிக்கக்கூட அதிலிருந்த பார்மலின் போதவில்லை. திங்களன்று ஆய்வகம் பெற்றுக்கொண்டது. ஹெர்-2 சோதனையின் முடிவு ஐயத்திற்கிடமாக வந்தது. அதை உறுதி செய்யும் ஃபிஷ் சோதனையோ நடைபெறவே இயலவில்லை. உட்பகுதித் திசு அழுகியிருந்தது.

ஹெர்-2 என்னும் மரபணு சில கட்டிகளில் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். அத்தகையோருக்கு டிராஸ்டுசுமாப் மருந்து பெரும் பயனளிக்கிறது. ஏனையோருக்கு அது வீண் செலவு. இதயத்திற்கும் தீங்கு நேரலாம். வழக்கமாக ஓராண்டுக் காலம் செலுத்த வேண்டிய, விலை மிகுந்த இம்மருந்து ஒருவருக்குத் தேவையா என்பதை, அப்புட்டியில் உள்ள திசுவே தீர்மானிக்கிறது.

உடலிலிருந்து பிரிந்த கணம் முதல் திசு சிதையத் தொடங்குகிறது. அதைத் தடுக்கும் பார்மலின் மணிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆழமே ஊடுருவும். ஆகவேதான் பெரிய கட்டியைச் சுமார் 5 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டுகளாக அரிந்து, பத்து மடங்கு பார்மலினில் இட வேண்டும். இரண்டு அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2013-இல் வெளியிட்ட நெறிமுறை, ஒரு மணி நேரத்திற்குள் இதைச் செய்து, 6 முதல் 72 மணி நேரம் வரை ஊறவிடுமாறு கூறுகிறது. அமிலத்தன்மை ஏறிய பழைய பார்மலின் மரபணு இழைகளைத் துண்டித்துவிடும். மிகுதியாக ஊறினாலும் இழைகளில் இல்லாத மாற்றங்கள் இருப்பனபோல் தோன்றக்கூடும்.

பரம்பரையாக வரும் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பிறழ்வை அறிய இத்தொல்லை இல்லை, இரத்தமே போதும்.

கரமனையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மருத்துவக் கல்லூரி வளாகத்தில், 1981-இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் இயங்குகிறது. வேறிடத்தில் அறுவை செய்துகொண்டு, திசுவைப் பதித்த மெழுகுக் கட்டிகளுடன் இத்தகைய மையங்களை நாடுவோர் உண்டு. எத்துணை நவீனக் கருவியும் கெட்ட திசுவைச் சீராக்காது. பார்மலின் மலிவானது. அகற்றிய நேரத்தையும் ஊறவிட்ட நேரத்தையும் சீட்டில் குறிப்பதற்குச் செலவே இல்லை. திட்டச் செலவினங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, கருவிகளுக்கு ஒதுக்கும் கவனத்தில் ஒரு சிறு பங்காவது அறுவைக் கூடத்துப் புட்டிக்குக் கிட்டாதது வியப்பே.

அம்மையாரின் அக்குளிலிருந்து எடுத்த நிணநீர்க் கணு ஒன்று தனிச் சிறு புட்டியில் இருந்தது. சிறியதாகையால் பார்மலின் அதை முற்றும் ஊடுருவியிருந்தது. அதிலும் புற்றுநோய் பரவியிருந்தமையால் அதைக் கொண்டே ஃபிஷ் சோதனை நடத்தினர். ஹெர்-2 பெருகியிருப்பது உறுதியாயிற்று. ஐந்து வாரத் தாமதத்திற்குப்பின் மருந்து தொடங்கியது.