குன்றியும் இலந்தையும்

சென்ற மார்கழி மாதத்துக் கடைசி ஞாயிறன்று, ஜீடிமெட்லாவில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் நால்வர் இல்லத்தினர், கட்டுச்சோற்றுடன் தூலபள்ளிக் காட்டின் ஓரமாகச் சென்றிருந்தோம். ஆலைப் புகைக்கு இத்துணை அருகில் இப்படியொரு காடு இருப்பதை நம்மவரில் பலர் அறியார். மாநில வனத்துறையின் பயிற்சிக் கழகமும் அவ்வூரில்தான் உள்ளது.

அப்பருவத்தில் புதர்கள் யாவும் சிவந்து கிடந்தன. தாழ்ந்த முட்செடிகளில் காட்டு இலந்தை பழுத்திருந்தது. அவற்றின்மேல் படர்ந்த கொடியொன்றில் நெற்றுகள் வெடித்து, செக்கச்செவேலென்று மணிகள் தெரிந்தன. குன்றிமணி! ஊர் நினைவு வந்துவிட்டது எமக்கு. பிள்ளைகள் பைநிறையப் பொறுக்கினர். யாமும் குனிந்து பொறுக்கினோம் என்பதை மறைப்பானேன்?

இலந்தை பறித்துக்கொண்டிருந்த தெலுங்கு மூதாட்டி ஒருவர் திடீரெனக் கூவினார்: "குரிகிஞ்ச! நோட்லோ பெட்டொத்து!" வாயில் போடாதே என்கிறார். திரும்பிப் பார்த்தால், நண்பரின் ஆறு வயது மகள் கன்னம் உப்ப நின்றிருந்தாள். "வாயைத் திற, கண்ணு" என்று தகப்பனார் பதறினார். மூன்று மணிகள் உள்ளங்கையில் விழுந்தன. மூன்றும் முழுமையாகவே இருந்தன. "பாட்டி வீட்டுப் பல்லாங்குழியில் இருக்கிறதுதானே, மாமா?" என்று அக்குழந்தை எம்மைக் கேட்டாள். யாம் என்ன விடை சொல்வது?

குன்றியின் பருப்பில் அப்ரின் என்னும் நச்சுப் புரதம் உள்ளது. அது உயிரணுக்களுக்குள் புகுந்து, அங்கே புரதம் உருவாகும் வேலையையே நிறுத்திவிடும். மேல்தோல் மிகக் கடினமானதாகையால், முழுதாக விழுங்கிய மணி பெரும்பாலும் செரிக்காமல் வெளியேறிவிடும். பல்லால் கடித்து மென்றாலோ, ஊசியால் துளையிட்டாலோ நஞ்சு வெளிப்படும். நன்கு மென்ற ஒரே மணி உயிரைக் குடிக்கக்கூடும். குன்றிமணி எடை ஏறத்தாழ 120 மில்லிகிராம். பார்சல்களைக் குவிண்டால் கணக்கில் எழுதிப் பழகிய எம் கைக்கு இது ஓர் எடையாகவே தோன்றுவதில்லை. பொற்கொல்லர் பொன்னை நிறுத்ததும் இதைக் கொண்டுதான்.

ஜெர்மானிய அறிஞர் பால் ஏர்லிக் 1891-இல் இந்நஞ்சையே எலிகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்து, உடல் எவ்வாறு எதிர்ப்பாற்றல் பெறுகிறது என்பதை ஆராய்ந்தார். இங்கிலாந்தில் ஈடன் தோட்டத்தார், தாம் விற்ற கைவளையல்களில் கோத்திருந்தவை குன்றிமணிகள் என்றறிந்து 2011-இல் அவற்றைத் திரும்பப் பெற்றனர். நம் வீடுகளிலோ குழந்தைக்கு எட்டும் இடத்தில்தான் அவை கிடக்கின்றன.

பிள்ளை ஒன்று மென்றுவிட்டது என்று ஐயம் தோன்றினாலே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரையவேண்டும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரம் கழித்தே தொடங்கலாம்; ஓரிரு நாள் கழித்தும் தொடங்கலாம். "நன்றாகத்தானே விளையாடுகிறாள்" என்று காத்திருத்தல் கூடாது. விரலை விட்டு வாந்தி எடுக்கச் செய்வதும் கூடாது. இதற்கு மாற்று மருந்து இல்லை; மருத்துவர் உடலைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சையே செய்வர். எஞ்சிய மணிகளையும் கையோடு கொண்டு சென்றால் அவருக்கு உதவும். மரத்தில் காய்க்கும் ஆனைக்குன்றிமணி வேறு இனம். அதில் கருமுனை இராது.

அம்மூதாட்டி குழந்தையின் கையைத் துடைத்து, ஒரு பிடி இலந்தை கொடுத்தார். நம்மவர் அதை ஏழைப் பண்டமென்று எண்ணி வாங்குவதில்லை. இங்குள்ளோரோ ரேகு பண்டு என்று அதைப் போற்றி, போகியன்று மாலையில் பூவும் நாணயமும் கரும்புத்துண்டும் கலந்து குழந்தைகளின் தலையில் சொரிகின்றனர். இவ்வாண்டு அச்சிறுமிக்கும் அவ்வாறு சொரிந்தார்கள். யாமும் நேரில் சென்றிருந்தோம்.

எம் இல்லத்துப் பல்லாங்குழியில் இப்போது புளியங்கொட்டைகள் இருக்கின்றன. விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரின் கண்ணாக வைக்க இரண்டு குன்றிமணிகளை மட்டும் எம் அன்னையார் எடுத்து, பெட்டியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதைத் தடுக்க எமக்கு மனம் வரவில்லை.