இன்கல்பபிள்: பழி சாராத நிலையைக் குறிக்கும் அரிய ஆங்கிலச் சொல்

குற்றமின்மையைச் சுட்டும் ஆங்கிலச் சொற்களுள் 'இன்னொசென்ட்' அன்றாடப் பேச்சிலும் வழங்க, 'இன்கல்பபிள்' என்பதோ பெரும்பாலும் சட்டம், இறையியல் ஆகிய துறைகளின் நூல்களோடு நின்றுவிடுகிறது. பிழை, குற்றப்பொறுப்பு எனப் பொருள்படும் 'குல்பா' என்னும் இலத்தீன் சொல்லே இதன் வேர். ஒரு செயல் நிகழ்ந்ததை மறுக்காமலேயே, அதற்கான பழி செய்தவரைச் சாராது எனக் கூற இடமளிப்பதே இச்சொல்லின் நுட்பமாகும். தம் தவறு ஏதுமின்றி ஒன்றை அறியாதிருப்பவரின் நிலையைக் கத்தோலிக்க இறையியலார் 'இன்கல்பபிள்' அறியாமை என்பர். தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடுவோர் மீட்படையக்கூடும் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏற்றதும் இக்கருத்தின் வழியிலேயே ஆகும்.

எனினும், இதே வேரிலிருந்து பிறந்த 'இன்கல்பேட்' என்னும் வினை, நேர்மாறாக, ஒருவர்மீது குற்றம் சுமத்துவதைக் குறிக்கிறது. இலத்தீனில் 'இன்' என்னும் முன்னொட்டு 'அல்லாத' என்றும் 'உள்ளே' என்றும் இருபொருள்படுவதே இக்குழப்பத்திற்குக் காரணமாதலால், 'இன்கல்பபிள்' என்னும் சொல்லை எழுத்தாளர்கள் தவிர்ப்பதில் வியப்பில்லை. குற்றத்திலிருந்து விடுவிக்கும் சான்றைக் குறிக்கும் 'எக்ஸ்கல்பேட்டரி' என்னும் சொல்லில் இவ்வகை மயக்கம் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியச் சான்றை அரசுத்தரப்பு மறைக்கலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிராடி வழக்கில் 1963இல் தீர்ப்பளித்த பின், அந்நாட்டு வழக்குமன்றங்களில் அது நாள்தோறும் புழங்கும் சொல்லாகவே ஆகிவிட்டது.