மூச்சுக்குழலும் உணவுக்குழலும்

தைப்பூசத்தன்று தோட்டங்களிலிருந்து குடும்பத்தோடு பத்துமலைக்கு வருகிறோம். 272 படிகளையும் ஏறி முடிக்கும்போது மூச்சு வாங்குகிறது. கீழே இறங்கி அன்னதானப் பந்தலில் சாப்பிடுகிறோம். காற்றும் சோறும் ஒரே தொண்டை வழியாகத்தான் போகின்றன. ஆயினும் காற்று நுரையீரலுக்கும், சோறு இரைப்பைக்கும் வழி தவறாமல் போய்ச் சேருகின்றன. இஃது எப்படி?

தொண்டையின் அடியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. முன்புறம் இருப்பது மூச்சுக்குழல். அதன் பின்னே, முதுகெலும்பை ஒட்டி இருப்பது உணவுக்குழல்.

பெரியவர்களின் மூச்சுக்குழல் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். காற்று ஓயாமல் போய்வர வேண்டுமல்லவா? ஆகவே 16 முதல் 20 வரையிலான குருத்தெலும்பு வளையங்கள் அதனைத் திறந்தபடியே தாங்கி நிற்கின்றன. இவை முழு வட்டங்கள் அல்ல. குதிரை லாடம் போன்றவை. திறந்த பக்கம் உணவுக்குழலை நோக்கியிருப்பதால், பெரிய கவளம் இறங்கும்போது உணவுக்குழல் விரிய இடம் கிடைக்கிறது.

உணவுக்குழல் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழல். உணவு வந்ததும் அலை அலையாகச் சுருங்கிக் கீழே தள்ளும். எனவேதான் படுத்துக்கொண்டு விழுங்கினாலும் உணவு இரைப்பையை அடைகிறது.

கழுத்தின் முன்புறம் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலே எழும்பும். அப்பொழுது இலை போன்ற ஒரு மூடி அதன் வாயில் கவிழ்கிறது. மூச்சும் நொடிப்பொழுது நிற்கிறது. வாயில் உணவோடு சிரித்தாலோ ஓடினாலோ இந்தக் காவல் பிசகும், புரையேறும். யாரோ நினைக்கிறார்கள் என்று நாம் தலையில் தட்டுகிறோம். உண்மையில் காப்பாற்றுவது இருமல்தான். பலமாக இருமுபவரை இருமவிட வேண்டும், தண்ணீர் புகட்டக்கூடாது.

சிறு பிள்ளையின் மூச்சுக்குழல் ஏறக்குறைய அதன் சுண்டுவிரல் பருமன்தான். ஒரு கடலை போதும், அதனை அடைத்துவிட! ஆகவே 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கச்சாங் பூத்தே, கெட்டி மிட்டாய், முழுத் திராட்சை ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம். படியேறும்போது ஊட்டவும் வேண்டாம்.

குரல் எழவில்லை, இருமவும் முடியவில்லை என்றால் குழல் அடைபட்டுவிட்டது என்று பொருள். ஒருவர் 999க்கு அழைக்கட்டும். மற்றவர், அடைபட்டவரை முன்னே குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். பலனில்லையேல், பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முட்டியை வைத்து, உள்நோக்கி மேலாக 5 முறை இழுக்க வேண்டும். அடைப்பு நீங்கும்வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். மயங்கி விழுந்தால் தரையில் கிடத்தி, நெஞ்சின் நடுவில் விடாமல் அழுத்த வேண்டும்.

கர்ப்பிணிக்கு வயிற்றில் அழுத்தாமல் நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கும் அப்படியே. அதனை முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க முதுகில் 5 முறை தட்டி, பின் மல்லாத்தி நெஞ்சின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரல்விட்டுத் துழாவினால், அது இன்னும் ஆழத்தில் போய்விடும்.

காற்றின்றி மூளை சில நிமிடங்களே தாங்கும். தோட்டத்துச் சாலையில் ஆம்புலன்ஸ் வந்து சேர அதைவிட நேரமாகலாம். ஆகையால் வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவரும் இந்த முறையைத் தெரிந்து வைத்திருப்போம்.