அருகம்புல்லில் ஓடும் பந்து

கெடாவின் தென்கோடியிலுள்ள செர்டாங் வட்டாரத்தில் (புத்ரா பல்கலைக்கழகம் இருக்கும் சிலாங்கூர் செர்டாங் வேறு) தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புல் என்றதும் லாலான்தான் நினைவுக்கு வரும். வேரோடு ஒழிக்க வேண்டிய எதிரி அது. அதே மாநிலத்தில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்திலும் சுங்கைப்பட்டாணியிலும் கோல்ப் திடல்கள் அமைந்தபோது, புல்லைக் குழந்தைபோல் வளர்க்கும் வேலை வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம்மவர்களில் சிலருக்கு அதுவே பிழைப்பானது.

அந்தப் புல் நமக்கு அந்நியமானதல்ல. குழி இருக்கும் பகுதியான 'கிரீன்'களில் நம் நாட்டில் பரவலாக வளர்க்கப்படுவது, பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லையும் தென்னாப்பிரிக்கப் புல் ஒன்றையும் சேர்த்த கலப்பு ரகம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிப்டன் ஆய்வு நிலையம் 1956இல் டிப்கிரீனையும் 1965இல் டிப்டுவார்பையும் வெளியிட்டது.

பந்தின் வேகம் ஆட்டக்காரரின் கையில் மட்டும் இல்லை; புல்லிலும் இருக்கிறது. 1935ஆம் ஆண்டு ஓக்மான்ட் திடலில் நடந்த அமெரிக்கப் பொதுப் போட்டியில் ஜீன் சாரசன் மெதுவாகத் தட்டிய பந்து கிரீனைத் தாண்டி மணற்குழிக்கே ஓடிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் ஸ்டிம்சன் என்ற ஆட்டக்காரர், இதை அளக்க ஒரு கருவி செய்தார். இன்றைய 'ஸ்டிம்ப்மீட்டர்' மூன்றடி நீளமுள்ள அலுமினியச் சட்டம். அதன் பள்ளத்தில் பந்தை வைத்து மெல்லத் தூக்கினால், ஏறக்குறைய 20 பாகை சாய்வில் பந்து தானாக உருளும். தரையில் எத்தனை அடி ஓடியதோ அதுதான் கிரீனின் வேகம். ஒரு திசையில் மூன்று பந்து, எதிர்த்திசையில் மூன்று பந்து உருட்டிச் சராசரி பார்ப்பார்கள். 8 அடி என்றால் நிதானம், 10 என்றால் வேகம். பெரிய போட்டிகளில் 12ஐயும் தாண்டும்.

வேகத்தைக் கூட்ட எளிய வழி, புல்லை இன்னும் குட்டையாக வெட்டுவது. 5 மில்லிமீட்டரில் நிற்கும் புல்லை 4க்கு இறக்கினால் பந்துக்குத் தடை குறையும். ஆனால் இலைதான் புல்லுக்கு அடுப்பங்கரை. இலையைக் குறைத்தால் உணவு குறையும், வேரும் மேலேறிவிடும். அருகம்புல் இனத்துக்கு வெயில் வேண்டும், நிழல் ஆகாது. ஆண்டுத் தொடக்கத்து வெயிலில் கெடாவில் தாங்கிய உயரம், செப்டம்பர், அக்டோபர் மழை மேகத்தில் தாங்காது. புல் இளைத்த இடத்தில் பாசி பிடிக்கும். அப்புறம் ஏது வேகம்?

உரமும் நீரும் இதில் சேர்ந்தவை. தழைச்சத்து கூடினால் இலை கொழுத்துப் பந்தை மந்தமாக்கும். ஒரேயடியாகக் குறைத்தால் புல் மஞ்சளாகும். ஈரக் கிரீன் மெதுவானது. புல் படுத்திருக்கும் திசைக்கும் பங்குண்டு. நின்று பார்க்கையில் பளபளப்பாகத் தெரிந்தால் பந்து வேகமாக ஓடும், கருமையாகத் தெரிந்தால் தயங்கும். காலையில் வெட்டிய புல் மாலைக்குள் சற்றே வளர்ந்துவிடுவதால், கடைசியில் ஆடுபவருக்குக் கிரீன் கொஞ்சம் மந்தம்தான்.

வெட்டாமலே வேகம் கூட்டவும் வழி இருக்கிறது. மணலை மெல்லத் தூவித் தரையைச் சமனாக்கலாம். இலேசான ரோலரும் ஓட்டலாம். குளிர்நாட்டுப் புல்லில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வுகளில், ரோலர் வேகத்தைக் கூட்டியதோடு ஒருவகைப் பூஞ்சை நோயையும் குறைத்தது. மழையில் ஊறிய களிமண் தரையில் மட்டும் ரோலரை ஏற்றக் கூடாது, மண் இறுகிவிடும்.

வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 2004இல் ஷின்னகாக் ஹில்ஸ் திடலில் நடந்த அமெரிக்கப் பொதுப் போட்டியின் கடைசி நாளன்று, ஏழாவது கிரீனில் பந்து நிற்கவே மறுத்தது. ஆட்டத்தின் நடுவிலேயே தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. அத்தனை வசதியுள்ள திடலுக்கே அந்தக் கதி.

ஆகவே வார இறுதிப் போட்டிக்கு 'இன்னும் வேகம் வேண்டும்' என்று உறுப்பினர்கள் கேட்கும்போது, இயந்திரத்தின் கத்தியை இறக்குவதற்குமுன் கிரீனின் ஓரத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு துண்டு மண்ணைத் தோண்டிப் பார்ப்பது நல்லது. வெள்ளை வேர் விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தால் ஓரிரு நாளுக்குத் தாங்கும். நகத்தளவே இருந்தால் கத்தியை உயர்த்திவிட்டு, ரோலரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகு புல் பட்டுப்போனால் திட்டு வாங்கப்போவது கேட்ட உறுப்பினர் அல்ல, வெட்டிய தொழிலாளிதான்.