பூட்டிய அறையில் ஒரு நகல்

2022 நவம்பர் 23 அன்று புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிச் சேவைகள் முடங்கின. ஐந்து சர்வர்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவுகளை யாரோ திறக்க இயலாதவாறு பூட்டிவிட்டனர். நோயாளிகளின் பதிவுகளைக் கையால் எழுத வேண்டிய நிலை வந்தது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே இதற்குக் காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. தாக்குதலுக்கு உள்ளாகாத காப்பு சர்வர் ஒன்றிலிருந்தே தரவுகள் மீட்கப்பட்டன.

நிறுவனம் நடத்தும் நம் வாடிக்கையாளர்கள் இதிலிருந்து ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்ளலாம்: நம் அலுவலகத்தின் 'டைரக்டரி' அழிந்தால் அதை மீட்க இயலுமா?

வங்கிக் கிளையில் மாதிரிக் கையொப்ப அட்டைகள் உள்ளன அல்லவா? அதுபோல, எந்த ஊழியர் எந்தக் கணினியில் நுழையலாம், எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பதை டைரக்டரியே தீர்மானிக்கிறது. மைக்ரோசாஃப்டின் 'ஆக்டிவ் டைரக்டரி' பல நிறுவனங்களில் பயன்படுகிறது. 2017 ஜூனில் டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் தாக்கப்பட்டபோது, உலகெங்கும் இருந்த அதன் டைரக்டரி சர்வர்கள் அழிந்தன. மின்தடையால் அணைந்திருந்த கானா நாட்டு அலுவலகத்து சர்வர் ஒன்று மட்டுமே தப்பியது. மீட்பு அந்த ஒன்றைக் கொண்டே தொடங்கியது. அதிர்ஷ்டத்தை நம்பி எவரும் தொழில் நடத்த இயலாது.

எனவே, டைரக்டரியின் சோதனை நகல் ஒன்றைத் தனியே அமைத்துப் பார்ப்பது நலம். முதலில், அலுவலக வலையமைப்புடனோ இணையத்துடனோ எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு மெய்நிகர் வலையமைப்பை உருவாக்க வேண்டும். காப்புப் பிரதியிலிருந்து ஒரு டைரக்டரி சர்வரை அதனுள் மீட்க வேண்டும். இயக்குமுன், அது துண்டிக்கப்பட்டிருப்பதை இருவர் சரிபார்ப்பது நல்லது. நகலும் மூலமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால், தம் மாற்றங்களைப் பரிமாறிக்கொள்ள முற்படும். சோதனைக்காக நகலில் நாம் செய்யும் மாற்றம் மூலத்திலும் பதிந்துவிடக்கூடும். நகல் இயங்கிய பின், அங்கில்லாத பிற சர்வர்களின் பதிவுகளை அதிலிருந்து நீக்க வேண்டும்.

இதனால் இரு நன்மைகள் கிட்டும். காப்புப் பிரதி உண்மையில் பயன்படுமா என்பது தெரியவரும். டைரக்டரியின் கட்டமைப்பில் புதிதாகச் சேர்க்கும் வகைகளைச் செயலிழக்கச் செய்யலாமே தவிர அழிக்க இயலாது. அத்தகைய மாற்றத்தை முதலில் நகலில் செய்து பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை. நகலில் இருப்பவையும் உண்மையான ஊழியர்களின் கடவுச்சொல் தடயங்களே. 'சோதனைதானே' என்ற அலட்சியத்தால் அது களவுபோனால், மூலம் களவுபோனதற்கு ஒப்பாகும். மாதிரிக் கையொப்ப அட்டையின் நகலை மேசைமேல் விட்டுச் செல்வோமா? இதையும் பூட்டிய அறையில் வைப்போம். சோதனை முடிந்ததும் முற்றிலும் அழிப்போம்.