கீழாநெல்லியும் நமது கல்லீரலும்

லயத்துப் பின்புறத்திலும் செம்பனைக் கன்றுகளின் காலடியிலும் தானாக முளைத்துக் கிடக்கும் கீழாநெல்லியை அறியாதவர் நம்மில் யார்? இலைக்குக் கீழே கடுகுபோல் காய்கள் வரிசையாகத் தொங்கும். பிள்ளையைச் சுமப்பது என்ற பொருளில் மலாய்க்காரர்கள் இதை 'டுக்கோங் அனாக்' என்கிறார்கள்.

கண் மஞ்சளானால் இதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம். சில வாரங்களில் மஞ்சள் இறங்கியும் விடும். வாசகர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஏ வகைக் காமாலை, பெரும்பாலோருக்கு மருந்தில்லாமலே குணமாகிவிடும். புகழ் மட்டும் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும்!

அதற்காக மூலிகையை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்து டாக்டர் எஸ்.பி. தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற பாருக் புளும்பெர்க் ஆகியோர் பி வைரஸ் உள்ளவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேர் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி தின்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 1988-இல் 'லான்செட்' இதழில் இது வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

இதைவிடப் பெரிய தொல்லை கல்லீரல் தழும்பு. பால்மரத்தில் கத்தி ஆழமாக இறங்கினால் பட்டை முண்டு முண்டாகிப் பால் சரியாக ஓடாதல்லவா? சம்சு, பி அல்லது சி வைரஸ், கொழுப்பு இவற்றால் கல்லீரல் ஓயாமல் அடிபட்டால், அதிலுள்ள நட்சத்திர வடிவச் செல்கள் நார் நெய்யத் தொடங்குகின்றன. நல்ல சதை சிறிது சிறிதாக நாராகிறது. வலியே தெரியாது.

வெங்காயம், முருங்கைக் கீரை, தேயிலை, கீழாநெல்லி ஆகியவற்றிலுள்ள பிளேவனாய்டு என்னும் பொருள்கள் எலிகளுக்கு இந்த நாரைக் குறைப்பதாக ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். மனிதர் கதை வேறு. வாயால் உண்பதில் கொஞ்சமே இரத்தத்தில் சேர்கிறது. ஐரோப்பிய முட்செடி ஒன்றிலிருந்து எடுக்கும் சிலிமாரின் என்ற மருந்து, கல்லீரல் சுருங்கியவர்களின் ஆயுளைக் கூட்டியதாக 1989-இல் ஒரு சோதனை சொன்னது. 1998-இல் இன்னொன்று, குடியால் கெட்ட கல்லீரலுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றது. நம்பலாம், ஆனால் நம்பிக் காத்திருக்கக் கூடாது.

எங்கள் மாணவன் ஒருவனின் தந்தை அப்படித்தான் காத்திருந்தார். இரண்டு மாதம் சாறு குடித்தார், மாலையில் சம்சுவும் குடித்தார். வயிறு வீங்கிய பிறகே ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். பி வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். இப்போது தினமும் மாத்திரை விழுங்குகிறார், குடியை விட்டுவிட்டார். அடிக்கும் கை நின்றால் தழும்பும் ஓரளவு கரையும் என்பது நிரூபணமான உண்மை.

நம் நாட்டில் 1989 முதல்தான் பிறந்த குழந்தைகளுக்குப் பி வகைத் தடுப்பூசி போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்த ஐயாமாரும் அம்மாமாரும் அரசாங்கக் கிளினிக்கில் ஒருமுறை இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். சாறு குடிப்பவராயிருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இன்னொன்று: களைமருந்து அடித்த நிரையில் கீழாநெல்லி பறிக்காதீர்கள். பராகுவாட் 2020 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மற்ற மருந்துகள் இன்னும் தெளிக்கப்படுகின்றன.