சொறி சிரங்கு: கணவனும் மனைவியும் ஒரே ராத்திரியில் மருந்து போடுங்கள்



ராத்திரி கம்பளிக்குள் உடம்பு சூடேறினதும் அரிப்பு எடுக்கிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொப்புளைச் சுற்றிலும், பெண்களுக்கு மார்க்காம்பைச் சுற்றிலும், ஆண்களுக்குப் பிறப்புறுப்பிலும் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிகிறதா? குழந்தையும் தூக்கத்தில் சொறிகிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் சொறி சிரங்குதான். குளிர் ஊரில் ஒரே கம்பளிக்குள் நாலு பேர் முடங்கிப் படுக்கிறோம். இந்த வியாதிக்கு அது ரொம்ப வசதி.

ரத்தம் கெட்டதால் இது வருவதில்லை. கத்தரிக்காயும் கருவாடும் தின்றதால் வருவதும் இல்லை. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. உடம்பு முழுக்க அரித்தாலும், சாதாரணமாக ஒருவர் மேல் இருப்பது பத்துப் பன்னிரண்டு பூச்சிகள்தான்.

இது எப்படிப் பரவுகிறது என்று 1941-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கென்னத் மெலன்பி என்ற பூச்சியியல் அறிஞர் சோதித்துப் பார்த்தார். யுத்தத்தில் ஆயுதம் எடுக்க மறுத்த சிலர் தாங்களாகவே முன்வந்து சோதனைக்கு உடம்பைக் கொடுத்தார்கள். சொறி பிடித்தவர்களின் உள்ளாடையை உடுத்தினார்கள், கம்பளியைப் போர்த்தினார்கள். மிகச் சிலரைத் தவிர யாருக்கும் ஒட்டவில்லை. சொறி உள்ளவரோடு ஒரே படுக்கையில் படுத்தபோதுதான் ஒட்டியது. இன்னொரு விஷயமும் தெரிந்தது. முதல் தடவை ஒட்டியவருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வரை அரிப்பே இல்லை! முன்பு ஒரு தடவை வந்து குணமானவருக்கோ சீக்கிரமே அரிக்க ஆரம்பித்துவிட்டது.

இதைப் புருஷன் பெண்டாட்டி இருவரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "நீ எங்கே போய் வாங்கிட்டு வந்தே?" என்று எத்தனை வீட்டில் சண்டை! முதலில் சொறிந்தவர்தான் கொண்டு வந்தார் என்று சொல்லவே முடியாது. கொண்டு வந்தவருக்கு அரிப்பு பிறகு வரலாம். குழந்தையைத் தூக்கி வைத்திருந்தாலே போதும், ஒட்டிக்கொள்ளும். ஆகவே மருமகள் மேலும் பழி வேண்டாம், வேலைக்கு வெளியூர் போய் வந்த கணவன் மேலும் பழி வேண்டாம்.

அரிக்கிறவர் மட்டும் மருந்து போட்டால் என்ன ஆகும்? அவர் குணமாவார். அரிப்பு இல்லாமலே பூச்சியைச் சுமக்கிற மற்றவரிடமிருந்து மறுபடி வாங்கிக்கொள்வார். "மருந்து பிடிக்கல" என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பசிபிக் கடலில் நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன ஃபிஜித் தீவுகளில் 2012-இல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2,051 பேர் சேர்ந்தார்கள். ஒரு பகுதியில் சொறி உள்ளவருக்கும் அவரோடு பழகியவருக்கும் மட்டும் பெர்மெத்ரின் களிம்பு கொடுத்தார்கள். இரண்டாவது பகுதியில் எல்லோருக்கும் களிம்பு. மூன்றாவது பகுதியில் எல்லோருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, முதல் பகுதியில் சொறி 49 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டாவதில் 62. மூன்றாவதில் 94! அங்கே நூற்றுக்கு 32 பேருக்கு இருந்தது, நூற்றுக்கு இரண்டு பேராக இறங்கிவிட்டது.

அதற்காகக் களிம்பு மட்டமானது என்று எண்ண வேண்டாம். நம் நாட்டு டாக்டர்கள் 85 நோயாளிகளைச் சோதித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பெர்மெத்ரின் ஒரே பூச்சில் ஏறக்குறைய 98 சதவீதம் பேரைக் குணப்படுத்தியது. மாத்திரை ஒரு வேளைக்கு 70 சதவீதம்தான். இரண்டாம் வேளையும் கொடுத்த பிறகே 95 ஆனது. மாத்திரையின் அளவை உடம்பு எடையைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும் மாத்திரை கூடாது. களிம்பைக் கர்ப்பிணிகளும் போடலாம்.

வேப்பிலையும் மஞ்சளும்? அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 814 பேருக்கு அரைத்துப் பூசியதில் 97 சதவீதம் பேர் 3 முதல் 15 நாளுக்குள் குணமானதாக 1992-இல் எழுதினார்கள். அதைச் செய்தவர்களே முன்னோட்ட ஆய்வு என்றுதான் பெயர் வைத்தார்கள். பாட்டி வைத்தியத்தை ஏளனம் செய்ய வேண்டாம். அதை மட்டும் நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம்.

பயப்பட வேண்டியது மருந்துக் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புக்குத்தான். ரெண்டு நாளில் அரிப்பு அடங்கும். பூச்சியோ சாகாது, உள்ளே பெருகும். படர்தாமரைக்கு இதைப் போட்டாலும் இதே கதைதான். 2018-இல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியது. பூண்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் அடிக்கிற பூச்சிமருந்தை மேலில் தடவுவதோ, உயிருக்கே ஆபத்து!

சரி, எப்படிப் போடுவது? வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிச் செவிலியரிடம் சொல்லுங்கள். வளர்ந்த ஒருவருக்கு ஏறக்குறைய 30 கிராம் களிம்பு வேண்டும். விடுதியில் படிக்கும் பிள்ளையும் ஊருக்கு வந்திருக்கிற ராத்திரியாகப் பாருங்கள். கழுத்து முதல் உள்ளங்கால் வரை, அரிக்காத இடத்திலும், நக இடுக்கிலும் தடவுங்கள். முதுகுக்கு ஒருவருக்கொருவர் தடவிவிடுங்கள். ராத்திரி கை கழுவினால் கையில் திரும்பவும் போடுங்கள். பால் கொடுக்கும் தாய் கொடுக்குமுன் மார்பைத் துடைத்துவிட்டு, பிறகு மறுபடி தடவ வேண்டும். கைக்குழந்தைக்கு முகம், தலை உட்பட எங்கே எவ்வளவு போடுவது என்று செவிலியர் காட்டித் தருவார். காலையில் குளியுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை, எல்லோருமே.

மறுநாள் உடுப்பு, துண்டு, போர்வையைக் கொதிநீரில் துவைத்துக் காயப்போடுங்கள். மேகம் மூடிக் கம்பளி காயாத நாளில் கவலை வேண்டாம். சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிடுங்கள். மனித உடம்பு கிடைக்காமல் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிப்பு இருக்கலாம். அதற்காகத் தினமும் மருந்தைத் தடவாதீர்கள். அதற்கு மேலும் புதுக் கொப்புளம் வந்தால் வாருங்கள். புண் சீழ் வைத்தாலோ, குழந்தைக்கு முகம் வீங்கி மூத்திரம் குறைந்து சிவந்து போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சீழ்ப் புண்ணால் சிறுநீரகம் கெட்டுப்போவது உண்டு.